உறுமும் பெட்டியும் ஓர் எருமையும்

சங்கரன்கோவிலில் வீட்டுக்குள் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பாட்டுக் கேட்ட முதல் ஆள் நான்தான்.

இது பொய். முதல் ஆள் பருத்தி மில் முதலாளி. சரி, இரண்டாவது ஆளாவது நான்தானா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஒரு டாக்டர் வீட்டிலும் இருந்ததாகப் பேச்சு. ஆனால் எருமையைக் கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்த இடத்துக்கு இன்றுவரை யாரும் போட்டிக்கு வரவில்லை.

எனக்குத் தொழில் மாட்டுத் தரகு. படிக்காதவனைப் பற்றிச் சொல்லும்போது, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்பார்கள். நான் ஒதுங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்து மழை அவ்வளவு நேரம் பெய்யாததால் ஆனா ஆவன்னா முடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். பிற்பாடு எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில்தான். வட்டமாகவே படித்துப் பழகியதால் நேர்வரியில் எதைக் கொடுத்தாலும் தலையைச் சாய்த்துத்தான் படிப்பேன். பார்க்கிறவர்கள் நான் ஆழ்ந்து யோசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை.

எங்கள் தெரு தறிக்காரர்கள் தெரு. விடிந்ததும் தறிச் சத்தம் தொடங்கிவிடும். என்னிடம் சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன் ஒன்று இருந்தது. அதில் நாதஸ்வரத் தட்டைப் போட்டால், தவில் அடிப்பது தட்டுக்குள்ளா, பக்கத்து வீட்டுத் தறியிலா என்று தெரியாது. பல நாள் தறிக்குத் தலையாட்டியிருக்கிறேன். தறி நின்ற பிறகுதான், தட்டு எப்போதோ முடிந்துபோனது தெரியும்.

மில் முதலாளி வீட்டில் வால்வு போட்ட பெரிய பெட்டி பாடும். மதிலுக்கு வெளியே நின்றாலும் தவில் நெஞ்சுக்குள் வந்து அடிக்கும். நான் தினமும் அந்த மதிலோரம் போய் நிற்பேன். ஒருநாள் காவல்காரர் பிடித்துக்கொண்டார்.

“என்ன வே, தெனமும் இங்கன வந்து நிக்கீரு?”

“மாட்டை நிழல்ல நிறுத்தியிருக்கேன் அண்ணாச்சி.”

“மாடு எங்க?”

அவசரத்தில் மாட்டைக் கொண்டுவர மறந்திருந்தேன். அன்றோடு மதில் பாட்டு முடிந்தது. நமக்கென்று ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று தோன்றியதும் அன்றுதான்.

ரத வீதியில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருந்தார். கல்யாணமோ, சடங்கோ, கோவில் கொடையோ, அவருடைய குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் ஊரில் எதுவும் நடக்காது. அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று வால்வு. இன்னொன்று எருமைப்பால் காப்பி.

“வீட்டுல வச்சுக் கேக்கதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும் அண்ணாச்சி” என்றேன்.

“எதுக்கு வே? நீரு பேசுததே தெருமுனை வரைக்கும் கேக்குமே.”

“பேச்சு கேக்கு. பாட்டு கேக்கணும்லா.”

“நீரு பாடவா? அப்ப தெருவே வீடு மாத்திரும்.”

ரெக்கார்டு கேட்கத்தான் என்று சத்தியம் செய்த பிறகு யோசித்தார். “பழசு ரெண்டு கெடக்கு. உம்ம எருமையக் குடுத்தீர்னா ஒண்ணக் கொண்டு போவும். பாட்டு எடுக்க பிக்கப்பும், மரப்பெட்டி ஸ்பீக்கரும் சேத்தே தாரேன்.”

அந்த எருமை என் மனைவியின் எருமை. இளையரசனேந்தலில் இருக்கிற அவளுடைய அண்ணன், கன்றாக இருந்ததைக் கயிற்றோடு கொண்டுவந்து கொடுத்தார். அதை வளர்த்ததும் கறப்பதும் அவள். எனக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் மோரோடு சரி. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“எருமையக் குடுத்துட்டுப் பாட்டு கேக்கப் போறீகளோ? குடுங்க, குடுங்க. பொறவு என்னையும் குடுத்துட்டு ஒரு தவிலு வாங்கிக்கிடுங்க.”

இதில் ‘குடுங்க’ இரண்டு தடவை வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் வேறுமாதிரி எடுத்திருப்பேன். ஆனால் நான் அப்போதே தொழுவில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டைப் பார்த்து வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் எண்ணம். அண்ணாச்சி இரண்டு பெட்டிகளையும் பெஞ்சில் வைத்தார். முன்னால் நின்று பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் வால்வுகள் வரிசையாக, கண்ணாடிக் கத்தரிக்காய் மாதிரி நின்றன. பல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டு ஆட்டினேன். அடிவயிற்றைத் தடவினேன். சுழி ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“நடக்க விட்டுக் காட்டும் அண்ணாச்சி.”

அவர் முதல் பெட்டியைப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன, படுத்தே கெடக்கு?”

“வால்வு சூடாகணும் வே. பொறும்.”

வால்வுக்குள் சின்னதாகச் சிவப்பு ஏறியது. அப்போதும் மூச்சுப் பேச்சில்லை. பிறகு இரண்டாவதைப் போட்டார். அது சூடானதும் ‘ம்ம்ம்ம்’ என்றது. நல்ல காங்கேயம் காளை கயிற்றை இழுப்பதற்கு முன்னால் போடுமே, அப்படி ஓர் உறுமல்.

“இது ஏன் உறுமுது?”

“உள்ள கண்டென்சர் காஞ்சு போச்சு. கரண்டுல உள்ள இரைச்சல அமுக்குத சாமான் அது. அது கெட்டா இப்படித்தான் ம்ம்ம்னு கெடக்கும். நீரு மத்தத எடும். சத்தங்காட்டாம நிக்கி பாத்தீரா, அதான் நல்லதுக்கு லெச்சணம்.”

என் தரகு மூளை இங்கேதான் வேலை செய்தது. சந்தையில் மாட்டுக்காரன் எதை எடு என்கிறானோ அதை எடுக்கக் கூடாது. எதை வேண்டாம் என்கிறானோ அதில்தான் அவனுக்கு ஆசை. தவிர, சத்தம் காட்டாமல் நிற்கிற மாடு சீக்கு மாடு. உறுமுகிறது என்றால் உள்ளே தெம்பு இருக்கிறது. உறுமுகிற பெட்டியின் மேல் கையை வைத்தேன்.

“இதுதான்.”

“வே, குறை சொல்லியாச்சு. பொறவு வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன்.”

பேரம் என்றால் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவது எங்கள் தொழில் வழக்கம். பேசுவதற்கு விலை எதுவும் இல்லை என்றாலும் பழக்கத்தில் துண்டைப் போட்டு அவர் விரலைப் பிடித்தேன். அவர் துண்டுக்குள்ளேயே வெள்ளைக்காரன் மாதிரி கையைப் பிடித்துக் குலுக்கினார். மாடு கைமாறினால் கயிறும் கைமாற வேண்டும் என்றேன். எருமைக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் பிளக்கு வயரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பெட்டியைத் தலையில் வைத்து, வயர் முதுகில் வால் மாதிரி தொங்க, நான் ஒரு பக்கம் போனேன். எருமை இன்னொரு பக்கம் போனது. அது திரும்பித் திரும்பிப் பார்த்ததாக வழியில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் திரும்பவில்லை. பெட்டி கனம்.

வீட்டில் காலியான தொழுவைப் பார்த்த பிறகு என் மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “ஆடித்தவசுத் திருநாளுக்கு எங்கண்ணன் வாராக. வந்ததும் மொதல்ல தொழுவத்தான் பாப்பாக. அங்கன எருமை நிக்கலன்னா, திரும்புத வண்டியில நானும் ஏறிருவேன். பொறவு உங்க பெட்டிகிட்ட சோறு கேளுங்க” என்றாள். சாதாரணமாக, உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

முதலில் பாட்டைக் கேட்கட்டும், பிறகு மனசு மாறும் என்று நினைத்தேன். அண்ணாச்சி வந்து கிராமபோனில் பிக்கப்பைப் பூட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். உண்மையிலேயே தவில் நெஞ்சில் அடித்தது. தறிச் சத்தம் அடங்கிப்போனது. ஆனால் அடியில் ‘ம்ம்ம்ம்’ ஓடிக்கொண்டே இருந்தது.

“அது என்ன கூடவே?” என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கேட்டார்.

“ஒத்து. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுதான்லா, அது.”

அவர் நம்பிவிட்டார். தட்டு முடிந்தது. நாதஸ்வரம் நின்றது, தவில் நின்றது. ‘ம்ம்ம்ம்’ மட்டும் நிற்கவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். “கச்சேரி முடிஞ்சும் ஒத்துக்காரன் எந்திரிக்கலயோ?”

பராமரிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது தொழுவப் பராமரிப்புதான். பெட்டிக்குச் சாரல் படக் கூடாது என்று சாக்கைப் போட்டு மூடினேன். பாடிக்கொண்டிருக்கும்போதே கருகல் வாடை வந்தது. சாக்கை எடுத்துத் தொட்டால் கொதிக்கிறது. காய்ச்சல் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் சொறிக்கும் சிரங்குக்கும் வயிற்று வலிக்கும் கோவில் புற்றுமண்தான் மருந்து. எல்லார் வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கும். அதைக் குழைத்து, பெட்டிக்குள் கையை வைக்க முடியாமல் சுட்ட டிரான்ஸ்பார்மரின் தலையில் கனமாகப் பற்றுப் போட்டேன். நான் பிழைத்தது சாமி புண்ணியம். மண் காய்ந்து உதிர்ந்து வால்வு மாட்டியிருக்கிற குழிக்குள் விழுந்தது. அதிலிருந்து உறுமலோடு பொரிகடலை வறுக்கிற சத்தமும் சேர்ந்துகொண்டது.

துடைத்துவிடலாம் என்று பெட்டியை அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, உள்ளே கையை விட்டேன். ஓர் உதை. சுவரோரம் போய் உட்கார்ந்தேன். முட்டுகிற மாடு, உதைக்கிற மாடு எல்லாம் பார்த்தவன் நான். கயிற்றை அவிழ்த்து வெளியே போட்ட பிறகும் உதைக்கிற மாட்டை அன்றுதான் பார்த்தேன்.

நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

“உதைக்கும் வே. அணைச்ச பொறவும் கண்டென்சர்ல மிச்ச கரண்டு நிக்கும். யாரு உம்ம கைய விடச் சொன்னது?”

“அண்ணாச்சி, பெட்டிய எடுத்துக்கிட்டு எருமையக் குடுத்திரும்.”

அவர் வால்வு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “தரகரே, நீரே சொல்லும். சொல்லிக் குடுத்த குறைக்கு மாடு திரும்புமா?”

திரும்பாது. குறையைச் சொல்லி விற்றால் வாங்கியவன் பாடு. சொல்லாமல் மறைத்து விற்றால்தான் மாட்டைத் திருப்பி ஓட்டலாம். இந்த வழக்கத்தைச் சந்தையில் எத்தனையோ பேருக்கு எடுத்துச்சொல்லி வாயை அடைத்தவன் நான்.

“கண்டென்சராவது மாத்திக் குடும்.”

“அது மதுரைலேருந்து வரணும். வாரப்ப வரும்.”

ஆடித்தவசுக்குக் கொடி ஏறியது. ஊரெல்லாம் பந்தலும் கடையுமாக ஆனது. என் மனைவி சேலைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். வீட்டில் இப்போது இரண்டு பெட்டிகள். ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. இன்னொன்று உறுமாமல் நிரம்பிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் பழக்கத்தில் செம்பை எடுத்துக்கொண்டு தொழுவுக்குப் போனாள். வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அன்று நான் பாட்டுப் போடவில்லை. அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள் காலையில் வாசலில் ஒரு குரல்.

“ஏ தரகரே! வெளிய வாரும் வே!”

ரேடியோ செட் அண்ணாச்சி. ஒரு கையில் எருமைக் கயிறு. வேட்டியெல்லாம் சாணி. ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தார்.

“இன்னைக்குப் பழகும், நாளைக்குப் பழகும்னு பாத்தேன், உம்ம எருமை நாலு சொட்டுக்கு மேல பாலே தர மாட்டேங்கு. என் வீட்டுக்காரி உக்காந்தா காலத் தூக்குது. நான் உக்காந்தேன். காலத் தூக்கல, நேரா முட்டுக்குப் போட்டுட்டு.”

“தடவிக் குடுத்துப் பாத்தீரா?”

“கும்பிட்டும் பாத்தாச்சு. ஒரு ஆளு கைக்குத்தான் பால் விடும்னு நீரு சொன்னீரா வே?”

சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எனக்கே தெரியாது. நான் எந்தக் காலத்தில் அதைக் கறந்தேன்?

“சொல்லாத குறை” என்றார் அண்ணாச்சி. என் வழக்கத்தை எனக்கே எடுத்துச்சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். “மாட்டப் பிடியும். பெட்டியக் குடும்.”

எருமை திரும்பி வந்ததில் எனக்கு உயிர் வந்தது. பெட்டி போகப்போவதில் அதே உயிர் பாதி போனது. உறுமினாலும் உதைத்தாலும், நெஞ்சில் தவில் அடித்த பெட்டி அல்லவா?

என் மனைவி வெளியே வந்தாள். எருமை அவளைப் பார்த்ததும் தொண்டைக்குள் ஏதோ சொன்னது. அவள் அதன் கழுத்தைத் தடவி, முளையில் கட்டி, கவிழ்த்து வைத்த செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சர் சர் என்று செம்பில் பால் விழுந்தது. அண்ணாச்சி முட்டுவலியை மறந்துவிட்டு அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ஒரு தட்டுக் கேட்டுவிடலாம் என்று நான் போய்ப் பெட்டியைப் போட்டேன். சூடாகி ‘ம்ம்ம்ம்’ என்றது. எருமை காதைத் திருப்பியது. பால் நின்றது.

“அத அமத்துங்க!”

அமர்த்தினேன். பால் வந்தது.

“மறுபடியும் போடும் வே, பாப்போம்” என்றார் அண்ணாச்சி. போட்டேன். பால் நின்றது. இந்த ஆராய்ச்சியை இன்னும் நடத்தியிருப்போம். அதற்குள் அவள் செம்போடு எழுந்து நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, உங்களுக்கு எருமை வேணுமா, பாலு வேணுமா?”

“பாலுதாம்மா. எருமைய வச்சு நான் என்ன செய்ய?”

“அப்ப எருமை உங்களுதாவே இருக்கட்டும். இங்கன, எங்க தொழுவுல நிக்கட்டும். நான் கறக்கேன். பாலு ஆளுக்குப் பாதி. வாரத்துக்கு மாடு விடுதது ஊர்ல உள்ளதுதான?”

நம் மாட்டை இன்னொருவர் தொழுவில் விட்டு, வருவதைப் பங்கு போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் புதிதல்ல. அண்ணாச்சி தலையாட்டினார்.

“இவுக பெட்டியும் இங்கனயே கெடக்கட்டும். ஆனா அது உறுமக் கூடாது. உறுமுத அன்னைக்கு உங்களுக்கும் பால் கெடையாது, இவுகளுக்கும் மோர் கெடையாது.”

மதுரையிலிருந்து வர வேண்டிய கண்டென்சர் அன்று மத்தியானமே வந்துவிட்டது. மதுரை அவர் கடை அலமாரிக்குள்தான் இருந்திருக்கிறது. அண்ணாச்சி பெட்டியைக் கவிழ்த்து, மரப்பிடி போட்ட திருப்புளியை உள்ளே எங்கோ வைத்தார். டப்பென்று பொறி பறந்தது. நான் தொழுவுக்குள் போய் நின்றுகொண்டேன்.

“மிச்ச கரண்ட எடுத்தாச்சு, வாரும். இது என்ன வே, உள்ள திருநீறா?”

“புத்து மண்ணு.”

“ஏன், வால்வுக்குச் சொறியா?”

பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, காய்ந்த கண்டென்சரைப் பிடுங்கி, புதியதைப் பற்றவைத்தார். இனிமேல் சாக்கு போடக் கூடாது, சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, வால்வு சூடாக இருக்கும்போது பெட்டியை நகர்த்தக் கூடாது, மில் ஓடி விளக்கு மங்குகிற நேரத்தில் பாட்டும் சிறுத்தால் அதற்காகப் பெட்டியை அறையக் கூடாது என்றெல்லாம் சொன்னார். எல்லாம் நான் செய்துகொண்டிருந்ததுதான். அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

பெட்டியைப் போட்டார். வால்வு சிவந்தது. சத்தமே இல்லை.

“செத்துப் போச்சா அண்ணாச்சி?”

“வாய மூடும் வே.”

முள்ளை வைத்தார். அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நாதஸ்வரம் எழுந்து வந்தது. வாசிக்கிறவர் நடுவில் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. இத்தனை நாளும் அவர் மூச்சு எடுக்காமல் வாசித்ததாக அல்லவா நான் நினைத்திருந்தேன்? பக்கத்து வீட்டுத் தறி நின்றது. என் மனைவி செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தட்டு முடிந்ததும், “ஒத்துக்காரன் ஊருக்குப் போயிட்டான் போல” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மச்சான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவள் சொன்னபடியே முதலில் தொழுவுக்குத்தான் போனார். எருமையைச் சுற்றி வந்து முதுகில் தட்டினார்.

“நான் குடுத்த எருமைய எப்படி வச்சிருக்கீரு மாப்ள! பளபளன்னு நிக்கி.”

“எல்லாம் உங்க தங்கச்சி கவனிப்பு மச்சான்” என்றேன். அதற்குள் ஓரமாகத் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். “ஓங்கித் தட்டாதேயும் வே, அதுக்குப் பிடிக்காது” என்றார்.

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இவரு யாரு?”

“பெட்டிக்கு வைத்தியம் பாக்கவக அண்ணே. பாலு வாங்க வந்தாக” என்றாள் என் மனைவி.

“பாலு வாங்க வந்தவருக்கு எருமை மேல என்ன இம்புட்டுப் பாசம்?”

“நல்ல பாலுல்லா” என்றார் அண்ணாச்சி, எருமையின் காதைச் சொறிந்தபடியே. நான் அவசரமாகப் போய் ஒரு தட்டைப் போட்டேன். நல்லவேளை, மச்சானுக்கும் நாதஸ்வரம் பிடிக்கும்.

தவசு பார்த்துவிட்டு மச்சான் வண்டி தனியாகத்தான் ஊருக்குத் திரும்பியது. டிரங்குப் பெட்டி எப்போது காலியானது என்று நான் பார்க்கவில்லை. கொடியில் சேலைகள் காய்ந்தன.

ஆனால் உண்மையான கதை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒருநாள் மில் முதலாளியின் பெட்டி ஊமையாகிவிட்டது. மனிதர் தானே காரில் வந்து எங்கள் தெருமுனையில் இறங்கினார். நாங்கள் பாட்டுப் போட்டிருந்தோம். அவர் எங்கள் சுவரோரம் வந்து நிற்கிறார். நான் வெளியே போய், “என்ன முதலாளி, இங்கன நிக்கீக?” என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? அப்படியே என் தோளில் கையைப் போட்டு—

“ஏங்க! இன்னும் என்ன எழுதுதீக? உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. பாட்டு கேக்காம இந்த எருமை மூதி பாலை எறக்க மாட்டேங்கு. அண்ணாச்சி வேற தூக்குச்சட்டியோட நிக்காக. வந்து பெட்டியப் போடுங்க!”

வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். போகிறேன்.